காசா மேஜர் சாலையில் படித்த சொற்களும் செந்தூலில் அவற்றுக்குள்ள வேலையும்

சென்னை எழும்பூர் காசா மேஜர் சாலையில் உள்ள சமூகப்பணிக் கல்லூரியில் நம்மோடு படித்த யாரும், சமூகப்பணிக்குப் பீஸ்டெக் வகுத்த ஏழு கோட்பாடுகளை மறந்திருக்க மாட்டார்கள். தனித்தன்மையை மதித்தல், உணர்ச்சியைக் கொட்ட இடமளித்தல், தன் உணர்ச்சியைக் கட்டுக்குள் வைத்தல், ஏற்றல், தீர்ப்புச் சொல்லாமை, சுயமுடிவு, இரகசியம் காத்தல் என்று வரிசை பிசகாமல் ஒப்புவிப்போம். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய நம் கல்லூரி அந்த ஒப்புவித்தலோடு நம்மை விட்டுவிடவில்லை. படித்த சொல்லைக் களத்தில் செய்துகாட்டச் சொன்னது. கோலாலம்பூருக்கு வந்து நலப்பணியில் இறங்கும் நம் இளையவர்களுக்கு அந்தப் பயிற்சிதான் கைகொடுக்கும். ஒவ்வொரு கலைச்சொல்லும் ஒரு வேலையின் பெயர். மலேசியத் தமிழ்க் குடும்பங்களிடையே அந்த வேலை பெரும்பாலும் ஓர் ஆவணத்தில் போய் முட்டும்.

முதலில் மதிப்பீடு. குடும்ப வரைபடம் போடக் கற்றோம்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குப் பெருக்கல் குறி, மூன்று தலைமுறை. கோலாலம்பூரின் செந்தூலிலோ, பிபிஆர் என்னும் அரசின் மலிவு வீடமைப்பு அடுக்குமாடியிலோ உட்கார்ந்து இதை வரையும்போது ஒன்றைக் கூடுதலாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடையாள அட்டையின் நிறத்தைக் குறியுங்கள். நீலம் குடிமகன், சிவப்பு நிரந்தரவாசி, பச்சை தற்காலிகவாசி. அட்டையே இல்லாதவருக்கு வெற்றுக் கட்டம். பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனைக் கட்டணம், உதவித்தொகை என்று தனித்தனியாக வந்த மூன்று பிரச்சினைகளும் அந்த ஒரே வெற்றுக் கட்டத்திலிருந்து கிளம்பியவை என்பது பல வீடுகளில் அப்போதுதான் பிடிபடும்.

அந்தக் கட்டம் எப்படி வெறுமையாகிறது என்பதை நம்மவர்கள் தெளிவாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, கோவிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. திருமணத்தைப் பதிய வேண்டும். சில கோவில்களிலேயே துணைப் பதிவாளர் இருக்கிறார்; அங்கே இரண்டும் ஒன்றாக முடிந்துவிடும். பதியாத மணத்தில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமையைத் தாயை வைத்தே பார்ப்பார்கள். தாய் மலேசியர் என்றால் சிக்கல் குறைவு. தாய் வெளிநாட்டவராகவோ, ஆவணம் இல்லாதவராகவோ இருந்தால், தகப்பனார் நீல அட்டைக்காரராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்காது. தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிய 60 நாள் தவணை. அது தாண்டினால் தாமதப் பதிவு; கேட்கும் சான்றுகளும் கூடும். பிள்ளைக்கு 12 வயதாகி மைகார்டு என்னும் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் பல குடும்பங்களுக்கு விஷயமே தெரியவருகிறது. ஆகவே கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அம்மா, கல்யாணத்தைப் பதிஞ்சாச்சா?" தடுப்புப் பணி என்று பாடத்தில் படித்தது இதைத்தான். இதைவிடப் பெரிய பலன் தரும் கேள்வி வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

சுயமுடிவும் இரகசியமும் தேர்வில் அடுத்தடுத்த வரிகள். களத்தில் அவை ஒன்றோடொன்று மோதும். அடிபட்ட பெண் போலீசுக்குப் போக மாட்டேன் என்றால் அது அவர் முடிவு, வற்புறுத்தக் கூடாது. ஆனால் வழி இருப்பதைச் சொல்லியாக வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தத்தால் அவசரப் பாதுகாப்பு ஆணை வந்தது. அதிகாரம் பெற்ற சமூகநல அதிகாரியே, விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள், போலீஸ் புகார் இல்லாமலே அதைத் தரலாம். உடலில் காயம், அல்லது காயப்படுத்துவார் என்ற அச்சம், இவற்றுக்கானது அது. ஏழு நாள்தான் செல்லும். இங்கேதான் தவறு நேர்கிறது: ஆணை கிடைத்த நிம்மதியில் நாள் ஓடிவிடும். அதற்கு அடுத்து நீதிமன்றத்தில் பெற வேண்டிய இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்குப் போலீஸ் விசாரணை தேவை. எனவே புகார் செய்வதா வேண்டாமா என்ற பேச்சை மூன்றாம் நாளுக்குள் அவரோடு பேசி முடித்துவிடுங்கள். எட்டாம் நாள் பாதுகாப்பு இல்லாமல் அவர் நிற்கக் கூடாது.

பிள்ளைக்குத் தீங்கு என்றால் இரகசியத்துக்கு அங்கே இடமில்லை. 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் மருத்துவர், குடும்பத்தினர், பிள்ளைப் பராமரிப்பாளர் ஆகியோர் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தற்காலிகமாக மீட்ட பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. "எல்லாவற்றையும் எனக்குள்ளேயே வைத்துக்கொள்வேன்" என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வறுமைக்கோடு பற்றிச் சுருக்கமாக: குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்) என்றிருந்த கோடு, 2019-ஆம் ஆண்டுத் தரவுப்படி 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது; அதன் பிறகும் உயர்ந்திருக்கிறது. பழைய எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு "உங்களுக்குக் கிடைக்காது" என்று யாரையும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் பரிந்துரை. "ஜேகேஎம்முக்குப் போங்க" என்று சமூகநல இலாகாவைக் கைகாட்டி அனுப்புவதைப் பரிந்துரை என்று சொல்ல முடியாது. உதவி கேட்டு வந்தவர் குடியிருக்கும் மாவட்டத்தின் சமூகநல அலுவலகம் எது என்று பாருங்கள். அட்டையில் உள்ள முகவரி கிள்ளான், இப்போது இருப்பது கெப்போங் என்றால் அங்கேயே இழுபறி தொடங்கும். முகவரியை முதலில் தேசியப் பதிவு இலாகாவில் மாற்றச் சொல்லுங்கள். அலுவலகத்துக்குப் போன் போட்டு என்ன போராங் (படிவம்), எத்தனை நகல் என்று நீங்களே கேளுங்கள். மலாய் படிக்கச் சிரமப்படும் பெரியவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அவரையும் கேளுங்கள், அலுவலகத்தையும் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ கார்டு விஷயத்தில் இன்னொரு குழப்பம்: கார்டு வந்தால் மாதப் பணமும் வரும் என்று வீட்டார் காத்திருப்பார்கள். கார்டு என்பது பதிவு. உதவித்தொகைக்கு விண்ணப்பம் தனி.

பதிவேட்டில் "குடிகாரர்" என்று எழுதாதீர்கள். "மாலை 4 மணி, மதுவாடை இருந்தது, கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னார்" என்று எழுதுங்கள். கண்டது ஒரு பத்தி, உங்கள் கருத்து வேறு பத்தி. நாளை அந்தத் தாளை நீதிமன்றம் கேட்கலாம். அவரே கேட்டுப் படிக்கவும் செய்யலாம்.

கேஸை மூடும் நாளில் மூல ஆவணங்கள் எல்லாம் அவர் கைக்குத் திரும்பிவிட்டனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அடுத்து புதுப்பிக்க வேண்டியது எது, எந்தத் தேதியில், எந்த முகப்பில் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தாலியான் காசே என்னும் அரசு உதவித் தொலைபேசியின் 15999 எண்ணையும் அதிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.