அம்மாவின் மூன்று மரங்கள்

என் அம்மாவைப் பெற்ற தாத்தா, கிருஷ்ணகிரி அணை கட்டும்போது மண் சுமந்தவர். காவேரிப்பட்டணத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அவர் ஊர். 1957ல் காமராஜர் வந்து அணையைத் திறந்ததைக் கூட்டத்தில் நின்று பார்த்த கதையை ஆயுசு முழுக்கச் சொன்னார். அந்த அணைத் தண்ணீர் அவர் நிலத்துக்கு ஒரு சொட்டும் வந்ததில்லை. வாய்க்கால் கீழே போகிறது, நிலம் மேட்டில் கிடக்கிறது. வாய்க்காலை ஒட்டியவர்கள் நெல் நட்டார்கள். தாத்தாவுக்கு ராகி, கொள்ளு, நிலக்கடலைதான். பெண் கேட்டுப் போன இடங்களில் "மேட்டு நிலமா?" என்று இழுத்தார்களாம். ஆயா, அதாவது என் பாட்டி, வீட்டில் மட்டும் இழுக்கவில்லை. அவர்களுக்கும் மேட்டு நிலம்தான்.

கிணறு இருந்தது. அம்மா சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் கவலை ஓட்டித்தான், அதாவது மாடு கட்டித் தண்ணீர் இறைத்துத்தான், பாய்ச்சல். விடியற்காலையில் மாட்டைப் பூட்டினால் வெயில் ஏறும்வரை ஓட்டுவார். மாடுகள் சரிவில் இறங்கும்போது பாரத்துக்கு வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் மொண்ட சால் மேலே வந்து, அதில் கட்டிய தோல் குழாயான தும்பி வழியாகத் தண்ணீர் கொட்டி முடிந்ததும், இறங்கி மாடுகளைப் பின்பக்கமாகவே மேட்டுக்கு நடத்த வேண்டும். மாட்டைப் பின்னால் நடக்கப் பழக்குவது லேசில்லை. போச்சம்பள்ளி சந்தையில் மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டடி பின்னால் தள்ளிப் பார்ப்பாராம். முரண்டு பிடித்தால் விலையே கேட்க மாட்டார்.

அப்புறம் ஆயில் இன்ஜின் வந்தது, கரண்ட் மோட்டார் வந்தது. 1990ல் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் என்று ஆனதும் ஊரே மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனது. தாத்தா கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக் கிணற்றடியில் போட்டுக்கொண்டார். "கரண்டுதான் ஓசி, தண்ணி ஓசியில்ல" என்பார். அவர் ஒருவர் கட்டில் போட்டு என்ன ஆகும்? சுற்றிலும் போர்வெல் போட்டார்கள், கிணறு வற்றியது.

மாந்தோப்பு அதற்கெல்லாம் முன்னால் வைத்தது. சந்தூரிலிருந்து ஒட்டுச்செடி கொண்டுவந்து முப்பது அடிக்கு ஒன்றாக நட்டார். முக்கால்வாசி பெங்களூரா, ஓரமாகச் செந்தூரா, கோடியில் கொஞ்சம் நீலம். அந்தச் செடிகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவர்கள் மகள்கள் மூன்று பேரும். மாமா இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனார்கள். அம்மா இதை உப்பு விலை சொல்வதுபோல்தான் சொல்வாள். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

தை, மாசியில் பூவைப் பார்த்துவிட்டுத் தோப்பைக் குத்தகைக்குக் கேட்டு வியாபாரிகள் வருவார்கள். மோர் கொடுத்து அனுப்பிவிடுவார். "காத்து கொஞ்சம், பூச்சி கொஞ்சம் எடுத்துக்கட்டும். மீதி நிக்கிறதுக்கு வெல பேசலாம்" என்பது அவர் கட்சி. பிஞ்சு பிடித்து நின்ற பிறகுதான் பேச்சு. அதில் லாபம் பார்த்த வருடங்களும் உண்டு, சித்திரையில் கல்மழை அடித்து எல்லாம் கொட்டிப்போன வருடமும் உண்டு. பெங்களூரா மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய். விளைச்சல் அதிகமான வருடத்தில் விலை விழுந்து, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டாது. அப்போதும் பழத்தை ரோட்டோரம் கொட்ட விடமாட்டார். மாட்டுக்குப் போடுவார்.

இனி சொல்லப்போவதை வைத்து அவரை நல்லவர், கெட்டவர் என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 1989ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு 2005 வரை அது கிடைக்கவில்லை. பெரியம்மா இரண்டு பேருக்கும் ஆகிவிட்டிருந்தது. அம்மாவுக்கு 1991ல் கல்யாணம். ஆக, மூன்று பேரில் கேட்க வழி இருந்தது அம்மாவுக்கு மட்டும்தான். அது தாத்தாவுக்கும் தெரியும், பத்திரம் எழுதியவருக்கும் தெரியும். 1996ல் மாமாக்களுக்குப் பாகம் பிரித்தபோது மூன்று மகள்களையும் வரச்சொல்லி, பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். ஆளுக்கொரு புடவை, ஓட்டலில் சாப்பாடு.

வீடு திரும்பியதும் மூன்று பேரையும் தோப்புக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கையில் சுண்ணாம்புக் கலயம். "ஆளுக்கு மூணு மரம். எது வேணுமோ நீங்களே சொல்லுங்க. நான் இருந்தாலும் இல்லன்னாலும் அதுல காய்க்கிறது உங்களுது." பெரியம்மாக்கள் நல்ல காய்ப்புள்ள பெங்களூராவாகப் பார்த்துக் கை காட்டினார்கள். அம்மா ஒரு செந்தூரா, ஒரு பெங்களூரா, ஒரு நீலம் கேட்டாள். செந்தூரா முதலில் வந்துவிடும், பெங்களூரா பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்துக்கு, நீலம் ஆடிக்கு. பணம் மூன்று தவணையாக வரும். தாத்தா சுண்ணாம்பு அடித்துக்கொண்டே சிரித்தாராம். "இவளுக்குத்தான்டா நெலத்தக் குடுத்திருக்கணும்" என்று மாமாக்களிடம் சொன்னாராம். சொன்னதோடு சரி.

ஆனால் சொன்ன வாக்கு தவறவில்லை. வருடா வருடம் பஸ் ஏறி தர்மபுரியில் எங்கள் வீட்டுக்கு வருவார். பச்சைப் பெல்ட்டிலிருந்து பணத்தை எடுத்து, எத்தனை கிலோ, என்ன விலை, பறிகூலி எவ்வளவு கழித்தது என்று துண்டுச் சீட்டில் எழுதியதையும் வைப்பார். காய்ப்பு இல்லாத வருடம் ஒரு மூட்டை ராகியோ, தை மாதமாக இருந்தால் அவரைக்கொட்டையோ. சிரித்தால் பல்லெல்லாம் பழுப்புக் கறை. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு செய்த வேலை. நாங்கள் ஒகேனக்கல் தண்ணீர் கொடுத்தால், "சப்புன்னு இருக்குது" என்று பாதி சொம்போடு வைத்துவிடுவார்.

2019ல், பெங்களூரா பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது போனார். அந்த வருடம் யாரும் மரக்கணக்கு பேசவில்லை. சாவு வீட்டில் எப்படிப் பேசுவது? அம்மாவும் கேட்கவில்லை. பத்திரத்தில் ஒரு வரிகூடக் கிடையாது, சுண்ணாம்பும் எப்போதோ மழையில் போய்விட்டது.

அடுத்த வருடம் ஆடியில் பெரிய மாமா வரவில்லை, அத்தை வந்தார். அவரும் பிறந்த வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்தான். அவருக்கு ஒரு மரமும் கிடைக்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து அம்மா கையில் வைத்தார்.

அம்மா எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள்.

"போன வருசத்துதும் சேத்துதானே அண்ணி?"

"சேத்துதான். சீட்டு உள்ள இருக்குது பாரு."

பறிகூலி அதிகமாகக் கழித்திருந்ததாக அம்மா அன்றைக்குச் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.