ஒட்டுப்பாலும் சின்னவனும்

ஜூலை 31, 2025, வியாழன்

ஈப்போவில் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரப்பி, அன்றாட வேலைகளுக்குப் பிள்ளையைப் பழக்கும் சிகிச்சை) முக்கால் மணி நேரம். அதில் அரை மணி சின்னவன் மேசைக்கு அடியில். களிமாவு பட்டதும் கையை உதறி அழுகை. ஆறு வயது, ஆட்டிசம். பிசுபிசுவென்று எது ஒட்டினாலும் ஆகாது, சோறுகூட கரண்டியில்தான். கிளம்பும்போது ஓ.டி. டீச்சர், "உங்க ஊரு சுங்கை சிப்புட்தானே அக்கா? மரம், மண் எல்லாம் இருக்குமே, அங்கே விட்டுப் பாருங்களேன்" என்றார். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது.

ஆகஸ்டு 3, ஞாயிறு

அப்பாவின் பால்மர (ரப்பர் மர)க் காட்டுக்குப் போனோம். கொட்டை வெடிக்கிற காலம். படீரென்று ஒன்று வெடித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். சரி, திரும்பிவிடலாம் என்று பார்த்தால், கொட்டை விழுந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வழவழப்பானது, கையில் ஒட்டாது. ஒன்று எடுத்தான், அப்புறம் இன்னொன்று, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து. இந்தப் பிடிக்காகத்தான் ஓ.டி.யில் மணி கோக்க வைக்கிறார்கள். பச்சைக் கொட்டையில் சயனைடு விஷம் உண்டு. வாயில் போடாமல் பார்த்தே எனக்குக் கழுத்து வலி.

ஆகஸ்டு 10, ஞாயிறு

அரை வாளி கொட்டையைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாக நடக்கிறான். பாரம் தூக்கினால் தசையும் மூட்டும் மூளைக்குச் சேதி சொல்லுமாம், பிள்ளை கொஞ்சம் அடங்குமாம். ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி. நிபுணர் 1972இல் எழுதிய புத்தகத்திலேயே இந்த யோசனை இருக்கிறதாம். அம்மாவிடம் சொன்னேன். "நான் பால்வாளி தூக்கினப்போ யாரும் தெரப்பின்னு சொல்லலையே" என்று சிரித்தார். வாளியை இறக்கிய பிறகு பத்து நிமிடம் அமைதி. அவ்வளவுதான்.

ஆகஸ்டு 17, ஞாயிறு

மழை. போகவில்லை. நாள் முழுக்கக் கத்தல்.

ஆகஸ்டு 24, ஞாயிறு

ரப்பர் பால் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது என்பதால் டீச்சரைக் கேட்டுவைத்திருந்தேன். பலூன் பட்டு இவனுக்குத் தடித்ததில்லை என்றதும் சரி என்றார்.

பால் எடுக்க மரத்தில் போட்ட வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலின், அதாவது ஒட்டுப்பாலின், நுனியை மட்டும் அப்பா நெம்பிவிட்டார். "இழுடா ராஜா." ஒற்றை விரலால் தொட்டான். எடுத்துவிட்டான். மறுபடி தொட்டான். பிறகு இரண்டு விரலால் பிடித்து இழுக்க, நாடா மாதிரி நீண்டு, அறுந்து, மணிக்கட்டில் சுருண்டு ஒட்டிக்கொண்டது. அழப்போகிறான் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மோந்து பார்த்து முகம் சுளித்தான் (அந்த நாற்றத்துக்கு யார்தான் சுளிக்க மாட்டார்கள்), தாத்தா சட்டையில் துடைத்தான், அடுத்த மரத்துக்குப் போனான்.

பால் கறை போகவே போகாது. அம்மா திட்டிக்கொண்டே சட்டையை ஊறப் போட்டிருக்கிறார்.