நாற்பதாவது வயதில் தொடங்கிய சிரிப்பு

போன மாதம் ஒரு மாலையில், ஆங்கிலம் அறியாத என் அம்மாவுக்குக் கைப்பேசியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். சாக்லேட் தொழிற்சாலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள், நகரும் பட்டையில் வரிசையாக வந்துகொண்டிருக்கும் சாக்லேட்டுகளை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்ற வேண்டும். ஒன்று தப்பிப் போனாலும் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் மிரட்டிவிட்டுச் செல்கிறார். பட்டை வேகமெடுத்ததும் இருவரும் சுற்ற முடியாதவற்றை வாயிலும் தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் திணிக்கத் தொடங்குகிறார்கள். அம்மா கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்து முடித்தபின், "இந்தப் பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார். படம்பிடிக்கும்போது நாற்பது என்றேன். நம்பவில்லை.

அந்தப் பெண் லூசில் பால். அந்தத் தொடர் 'ஐ லவ் லூசி'. நாற்பது வயதுவரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி.

1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலை பார்த்த தந்தை டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு மூன்று வயது. அருகிலுள்ள செலரான் கிராமத்தில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். மேடைக் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கு அழைத்துச் சென்று பேத்திக்கு நடிப்பு ஆசையை ஊட்டியவர் அந்தத் தாத்தாதான். பதின்வயதில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். கூச்ச சுபாவம் கொண்ட இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது என்று பள்ளி கைவிரித்துவிட்டது. (பின்னாளில் ஹாலிவுட்டின் பெரும் நட்சத்திரமான பெட்டி டேவிஸ் அதே பள்ளியில் அப்போது படித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும், அவர் பக்கத்தில் நின்றால் யாருக்கும் கூச்சம் வரத்தான் செய்யும்.)

பிறகு ஆடை நிறுவனங்களுக்கு மாடலாக இருந்தார். 1933-இல் ஹாலிவுட் சென்று நடனக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் டஜன் கணக்கான படங்களில் நடித்தும் இரண்டாந்தரப் படங்களின் நாயகி என்ற பெயர்தான் மிஞ்சியது. ஆனால் அந்த ஆண்டுகள் வீணாகிவிடவில்லை. எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் இருந்த காலத்தில், மௌனப்படக் காலத்தின் பெரும் நகைச்சுவைக் கலைஞரான பஸ்டர் கீட்டன் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். கையில் இருக்கும் ஒரு பொருளை வைத்து எப்படிச் சிரிப்பை உண்டாக்குவது, அந்தப் பொருளை எவ்வளவு கவனமாகக் கையாண்டு பழக வேண்டும் என்பதெல்லாம் அங்கே கற்ற பாடம். சாக்லேட் காட்சியில் விரல்கள் படும் பாட்டைப் பார்த்தால் அது விளங்கும்.

1940-இல் ஒரு படப்பிடிப்பில் சந்தித்த கியூபா நாட்டு இசைக் கலைஞர் டெசி ஆர்னாஸை அதே ஆண்டு நவம்பரில் மணந்தார். ஆர்னாஸ் தம் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்றுபவர். இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்த நாள்கள் குறைவு. 1948 முதல் சி.பி.எஸ். வானொலியில் அசட்டு மனைவியாக அவர் நடித்த நகைச்சுவைத் தொடர் வெற்றிபெற்று, நிறுவனம் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர விரும்பியபோது, கணவனாக டெசிதான் நடிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதற்கு அதுவே காரணம். அமெரிக்கப் பெண்ணுக்கு ஸ்பானிய உச்சரிப்போடு ஆங்கிலம் பேசும் கணவனை மக்கள் ஏற்பார்களா என்று நிறுவனம் தயங்கியது. தம்பதியர் 1950-இல் ஒரு மேடை நிகழ்ச்சியைத் தயாரித்துக்கொண்டு பல நகரங்களுக்குச் சென்று, மக்கள் ஏற்பார்கள் என்பதை நேரிலேயே காட்டினார்கள்.

அடுத்து வந்தது இடத் தகராறு. அன்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை நியூயார்க்கிலிருந்து நேரலையாகச் சென்றன. வேறு ஊர்களில் நடத்தினால், தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்து அனுப்பும் மங்கலான பிரதிதான் கிழக்குக் கரை மக்களுக்குக் கிடைக்கும். சந்தை கிழக்கில் இருந்ததால் விளம்பரதாரரான சிகரெட் நிறுவனம் நியூயார்க்குக்கு வரச் சொன்னது. கலிஃபோர்னியாவை விட்டு வர இவர்களுக்கு மனமில்லை. திரைப்படம் போலவே 35 மி.மீ. சுருளில் எடுத்துவிடுகிறோம், கூடும் செலவுக்காக எங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஈடாகப் படச்சுருள்களின் உரிமை எங்களுக்கு என்றார்கள். ஒருமுறை ஒளிபரப்பான நகைச்சுவையை மறுபடி யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும், எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டது. மறுஒளிபரப்பு என்ற வணிகம் வளர்ந்தபோது அந்தச் சுருள்களின் மதிப்பு என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது.

பார்வையாளர்களை எதிரே அமர்த்தி, மூன்று கேமராக்களால் ஒரே நேரத்தில் படம்பிடிக்கும் முறையை ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் இவர்களுக்காகச் செம்மைப்படுத்தினார். பல கேமரா முறையை இவர்களே கண்டுபிடித்தார்கள் என்று பலர் எழுதுவது மிகை; முன்பே சிலர் முயன்றிருந்தார்கள். இந்த அளவுக்கு நேர்த்தியாக வேலை செய்ய வைத்தவர்கள் இவர்கள் எனலாம். நாள்கணக்கில் ஒத்திகை, பிறகு ஒரே மாலையில் சுமார் 300 பேர் முன்னிலையில் நாடகம்போலத் தொடர்ச்சியாக நடிப்பு. அந்த நேரத்தில் தோன்றியதைச் செய்வது போலத் தெரியும் ஒவ்வொரு முகச்சுளிப்பும் முன்பே பழகியது. கதையை எழுதிய ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கேரல் ஆகியோருக்கே பெருமை என்று லூசில் கடைசிவரை சொல்லிவந்தார்.

1951 ஜூலையில் மகள் பிறந்தாள். அக்டோபர் 15 அன்று முதல் பகுதி ஒளிபரப்பானது. அடுத்த ஆண்டு மீண்டும் கருவுற்றபோது அதை மறைக்காமல் கதைக்குள்ளேயே சேர்த்தார்கள். ஆனால் கர்ப்பம் என்ற சொல்லை உச்சரிக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் நிபந்தனை. ஒரு பாதிரியார், ஒரு போதகர், ஒரு யூத மதகுரு என மூவர் கதைவசனத்தைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். 1953 ஜனவரி 19 காலையில் அறுவைச் சிகிச்சை மூலம் மகன் பிறந்தான். அன்று இரவே, முன்கூட்டி எடுத்துவைத்திருந்த பகுதியில் கதை நாயகி லூசிக்கும் ஆண் குழந்தை பிறந்தது. அதை ஏறத்தாழ 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த அதிபர் ஐசனோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

1957-இல் தொடர் 180 பகுதிகளோடு முடிந்தது. தாம் ஒரு காலத்தில் ஒப்பந்த நடிகையாக இருந்த ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவையே தம்பதியரின் 'டெசிலு' நிறுவனம் அதே ஆண்டில் விலைக்கு வாங்கியது. எந்தத் திரைக்கதையிலும் எழுதினால் நம்பமாட்டோம். மணவாழ்க்கை மட்டும் நிலைக்கவில்லை. டெசியின் குடியும் பெண் தொடர்புகளும் சேர்ந்து 1960-இல் விவாகரத்தில் முடிந்தது. 1962-இல் டெசியின் பங்குகளை வாங்கி நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன் இம்பாசிபிள்' ஆகிய தொடர்கள் 1966-இல் வெளிவந்தது அவருடைய டெசிலுவிலிருந்துதான். மறு ஆண்டு நிறுவனத்தை விற்றுவிட்டார்.

விவாகரத்துக்குப் பின் அறுபதுகளில் அவர் தொடங்கிய இரண்டு தொடர்களும் நன்றாகவே ஓடின. எனக்கு அவற்றில் பழைய கூர்மை தெரியவில்லை. 75 வயதில், 1986-இல், மீண்டும் ஒரு தொடருக்கு வந்தார். எட்டுப் பகுதிகளோடு அதை நிறுத்திவிட்டார்கள். அந்த டிசம்பரில் டெசியும் இறந்தார். லூசில் பால் 1989 ஏப்ரல் 26 அன்று, 77 வயதில் காலமானார்.

செலரான் பூங்காவில் 2009-இல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஒரு கையில் கரண்டியும் மறு கையில் தொடரில் அவர் விற்க முயன்ற சத்து மருந்துப் புட்டியுமாகப் பல்லைக் காட்டி நிற்கும் அந்தச் சிலை குழந்தைகளைப் பயமுறுத்தும்படி இருந்ததால், மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து, 2016-இல் அவருடைய பிறந்தநாளன்று புதிய சிலையைத் திறக்க வைத்தார்கள். பழையதை உருக்கவில்லை, அதே பூங்காவில் சற்றுத் தள்ளி வைத்துவிட்டார்கள். அதன் படத்தை அம்மாவிடம் காட்டினேன். இதுவும் சிரிப்பாகத்தான் இருக்கிறது என்றார்.