கோடைக்கு மேலே ஏறிய மாடுகள்

ஸ்காட்லாந்து மலைநாட்டில் முன்பெல்லாம் கோடை வந்தால் பெண்களும் பிள்ளைகளும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுப் புல்வெளிக்குப் போய்விடுவார்கள், கீழே விதைத்த பயிரில் மாடு வாய் வைக்காமல் இருக்க வேண்டுமே. அங்கே கல்லாலும் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டியாலும் கட்டிய சின்னக் குடிசைதான் ஷீலிங், கேலிக் மொழியில் ஆரி. பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அங்கேயே செய்து, குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்தார்கள். எவ்வளவு உழைப்பு! அப்புறம் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நிலக்கிழார்கள் குடியானவர்களை வெளியேற்றி ஆட்டுப் பண்ணைகள் வைத்தார்கள், பல இடங்களில் இந்த வழக்கமும் அதோடு போனது. ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ் தீவில் 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. கூரை விழுந்து இத்தனை காலமாகியும், சாணம் ஊறிய அந்தக் குடிசை மேடுகள் பழுப்பு மலைச்சரிவில் இன்னும் தனிப் பச்சையாகத் தெரிகின்றன, எனக்கு அதுதான் மனதை விட்டுப் போக மறுக்கிறது.