அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ்: சோம்தேவ் போன வழியில் போக நினைப்பவர்களுக்கு

பதினெட்டு வயதில் நேரே தொழில்முறை டென்னிஸுக்குப் போவதா, கல்லூரிக்குப் போவதா என்று தடுமாறுபவர்கள் இந்திய டென்னிஸ் வீரர் சோம்தேவ் தேவ்வர்மனின் கணக்கைப் பார்க்கலாம். சென்னையில் ஆட்டம் கற்றவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துக்கொண்டே மூன்று ஆண்டு தொடர்ந்து என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) ஒற்றையர் இறுதிக்குப் போனார். 2006-ல் தோற்றார். 2007-ல் ஜான் இஸ்னரை மூன்றாவது செட் டை-பிரேக்கில் வென்றார். 2008-ல் மறுபடியும் சாம்பியன். அந்த சீசனில் 44 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. படிப்பு முடித்த கையோடு 2009 சென்னை ஓபனில் வைல்டு கார்டில் (சிறப்பு அழைப்பில்) இறங்கி, முன்னணி வீரர்களான கார்லோஸ் மோயாவையும் இவோ கார்லோவிச்சையும் வீழ்த்தி இறுதிவரை வந்தார். 2010-ல் காமன்வெல்த், ஆசிய விளையாட்டு இரண்டிலும் ஒற்றையர் தங்கம். 2011-ல் உலகத் தரவரிசை 62.

சர்வ் பலத்தில் ஜெயித்தவர் அல்ல அவர். கால் வேகமும் ரிட்டர்னும் விடாத ரேலியும்தான் அவர் முதலீடு. அந்த மாதிரி ஆட்டம் முதிர வருடங்கள் வேண்டும்; கல்லூரி அதைக் கொடுத்தது.

இந்தக் கதவு பெரும்பாலும் மூடிப்போவது கோர்ட்டில் அல்ல, மார்க் ஷீட்டில். என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் ஆட 9-ம் வகுப்பிலிருந்து 16 பாட அலகுகள் (ஒரு பாடம் ஓர் ஆண்டு படித்தால் ஓர் அலகு) கணக்கில் வர வேண்டும்: ஆங்கிலம் நான்கு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு, மீதி கூடுதல் பாடங்கள். 9, 10-ல் கணிதம் இரண்டுதான் ஆகும். எனவே பிளஸ் ஒன்னில் கணிதமே இல்லாத குரூப் எடுத்தால் ஒன்று குறையும். 16-ல் பத்து, கடைசிப் பள்ளி ஆண்டு தொடங்குமுன்னே முடிந்திருக்க வேண்டும். நாள் முழுக்கப் பயிற்சிக்காகப் பள்ளியை நிறுத்தி, பிறகு ஒரே மூச்சில் தேர்வெழுதலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 9-ம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தூக்கிப்போட வேண்டாம்.

கல்லூரி கோச்சுகளுக்கு எழுதும்போது யு.டி.ஆர். எண் (ஆட்டத் திறனைக் காட்டும் உலகளாவிய மதிப்பீடு), பள்ளி முடிக்கும் ஆண்டு, மதிப்பெண், வீடியோ நான்கும் முதல் மெயிலிலேயே இருக்கட்டும். வீடியோவை பேஸ்லைனுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்திலிருந்து எடுங்கள். நல்ல ஷாட்களை மட்டும் வெட்டி ஒட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். வெட்டாத இரண்டு மூன்று கேம்களையும் சேருங்கள். முதல் டிவிஷன் கோச் 10-ம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் பதில் எழுத விதி இடம் தராது. அதற்கு முன் பதில் வராததை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உதவித்தொகை என்றாலே முழுச் செலவும் என்று நினைத்துவிடாதீர்கள். வெகுகாலம் ஆண்கள் அணி ஒன்றுக்கு மொத்தமே 4.5 உதவித்தொகைதான், அதைப் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். இப்போது விதி தளர்ந்திருந்தாலும் எல்லாக் கல்லூரியும் முழுதாகக் கொடுப்பதில்லை. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எதில் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அணி ஆட்டமும் வேறு மாதிரி. ஏழு புள்ளிகள்: மூன்று இரட்டையர் ஆட்டத்துக்கும் சேர்த்து ஒன்று, ஆறு ஒற்றையருக்கு ஆறு. 40-40 ஆனால் அட்வான்டேஜ் கிடையாது. அடுத்த ஒரே பாயின்ட்தான் கேம், எந்தப் பக்கம் வாங்குவது என்று ரிசீவர் முடிவு செய்வார். நம் ஊர்ப் பயிற்சியில் இதை யாரும் ஆடிப் பார்ப்பதில்லை. போகும் முன் சில மாதங்கள், ஒவ்வொரு பயிற்சியின் கடைசி அரை மணியிலும் 40-40-லிருந்தே சர்வ் போட்டு ஆடுங்கள். இரட்டையர் சரியாக வராதவருக்கு அணியில் இடம் கிடைப்பதும் கஷ்டம்.

சீசனில் வாரம் 20 மணி நேரம்தான் கோச் கட்டாயப்படுத்தலாம். இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும். போட்டிக்குப் பயணம் போகும் நாட்களில் லேப் வகுப்புகளை வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு சறுக்கும்.

கோடை விடுமுறையில் ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) நடத்தும் தொழில்முறைப் போட்டிகள் ஆடலாம். பரிசுப் பணத்தில் கை வைக்குமுன் கல்லூரியின் விதி அலுவலகத்திடம் மெயிலில் கேளுங்கள். செலவுக் கணக்கு கேட்டால் காட்ட விமான டிக்கெட், ஹோட்டல், ஸ்ட்ரிங் பில்களைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள்.