‘மோர் பெட்டர்’ கூடப் பரவாயில்லை

பிறர் எழுதும் ஆங்கில அறிக்கைகளைத் திருத்துவது என் வேலையில் பாதி. யாராவது ‘மோர் பெட்டர்’ என்று எழுதியிருந்தால் எனக்குக் கோபமே வராது. ‘பெட்டர்’ என்றாலே ‘இன்னும் நல்லது’ என்ற ஒப்பீடுதான், மிகையான ‘மோர்’ஐ அடித்தால் முடிந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், புரூட்டஸின் கத்திக்குத்தை ஆண்டனி ‘மோஸ்ட் அன்கைண்டஸ்ட்’ என்பான். அழுத்தத்துக்காக அப்படி இரட்டிப்பது அன்று வழக்கம். இன்றைய எழுத்தில் செல்லாது, அவ்வளவுதான்.

ஒப்பிடும்போது சொல்லின் கடைசியில் ‘இஆர்’ சேர்ப்பதா, முன்னால் ‘மோர்’ போடுவதா என்பதும் பெரிய சிக்கல் இல்லை. ‘ஸ்மால்’ போன்ற ஓரசைச் சொல்லுக்கும், ‘ஹேப்பி’ போல ஒய்யில் முடியும் ஈரசைச் சொல்லுக்கும் பொதுவாக இஆர். நீளமானவற்றுக்கு மோர். ‘சிம்பிள்’, ‘குவயட்’ எல்லாம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். எழுதியவர் விருப்பத்துக்கே விட்டுவிடுவேன்.

நான் விடாப்பிடியாக நிற்பது எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான். ‘த பிரைஸ் ஆஃப் த நியூ மாடல் இஸ் ஹையர் தேன் தி ஓல்டு மாடல்.’ படிக்கும்போது உறுத்தாது. ஆனால் இங்கே விலையை ஒரு மாடலோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்! ‘தேன்’ வந்ததும் ‘தட் ஆஃப்’ வேண்டும். அப்போதுதான் விலைக்கு விலை நேராகும். பேச்சில் இதை யாரும் கேட்கப்போவதில்லை. எழுத்தில், அதுவும் எண்கள் நிறைந்த அறிக்கையில், இந்தக் கறார் தேவை என்பது என் கட்சி.

இன்னொன்று: ‘திஸ் மாடல் இஸ் ஃபாஸ்டர் தேன் எனி மாடல் வீ மேக்.’ இந்த மாடலையும் அவர்கள்தானே செய்கிறார்கள்? அப்படியென்றால் அது தன்னைவிடவும் வேகமா? ‘எனி’க்குப் பின் ஒரு ‘அதர்’ போட்டால் சரி.

‘வெரி பெட்டர்’ வேண்டாம், ‘மச் பெட்டர்’. ‘சுப்பீரியர்’ லத்தீனிலிருந்து ஒப்பீட்டுப் பொருளோடே வந்தது, அதனால் மோரும் வேண்டாம், தேனும் வேண்டாம், ‘டு’ போதும். அதன் பங்காளியான ‘சீனியர்’ மட்டும் கொஞ்சம் இளகிவிட்டது, ‘மோர் சீனியர் தேன்’ என்று நல்ல ஆங்கிலத்திலேயே வருகிறது. அதைத் தொடமாட்டேன்.

அப்புறம், ‘திஸ் சர்வீஸ் இஸ் ஃபாஸ்டர்’ என்று பாதியில் நிற்கும் வாக்கியங்கள். விளம்பரத்தில் வேண்டுமென்றே அப்படி விடுவார்கள். அறிக்கையில் வந்தால் ‘எதைவிட?’ என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புவேன். பலர் பதிலுக்கு அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுகிறார்கள்.