உப்புக்காற்றில் மைப்பேனைகள்: பத்து மாதம், 27 பக்கம்

கோட்டை மான்களை மட்டுமே வரைந்து நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை நிரப்புவது என்று போன ஐப்பசியில் தொடங்கினேன். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரட்றிக் கோட்டைக்குள் எப்போதும் நாலைந்து புள்ளிமான்கள் நிற்கும். ஆட்களுக்குப் பயப்படாது, அதனால் வரைய வசதி. நேற்று 27ஆம் பக்கம் முடிந்தது. இதற்குள் நாலு வகைப் பேனை கைக்கு வந்துவிட்டது. ஒன்றை நானே கெடுத்தும் விட்டேன்.

முதலில் வாங்கியது சகுரா பிக்மா மைக்ரோன் என்ற மெல்முனைப் பேனை, 01உம் 05உம். 01 என்றால் 0.1 மில்லிமீற்றர் என்று நினைத்திருந்தேன். அதன் கோடு 0.25 மி.மீ.; 05இன் கோடு 0.45. இன்னும் மெல்லியது தேவையென்றால் 005, அது 0.20. மை காய்ந்த பிறகு மேலே நீர்வர்ணம் பூசினாலும் கரையாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. பலவீனம் முனையில். மான் மயிருக்கு அழுத்தம் வேண்டுமென்று சொரசொரப்பான நீர்வர்ணத் தாளில் கீறிக் கீறி, இரண்டு கிழமையில் 01 பேனை 03 போலத் தடித்த கோடு போட ஆரம்பித்தது. இப்போது வழுவழுப்பான தாள்தான், கையும் இலேசாகத்தான். தேய்ந்ததை எறியவில்லை. மை குறைந்த முனை சாம்பலாக, விட்டுவிட்டுக் கீறும். மானின் வயிற்று மயிருக்கு அதைவிடப் பொருத்தமான பேனை என்னிடம் இல்லை.

புள்ளிகளுக்கு முதலில் வெள்ளை ஜெல் பேனையைப் பிடித்தேன். கறுப்பின் மேல் போட்ட வெள்ளை அழுக்குச் சாம்பலாகிவிட்டது. இப்போது பென்சிலால் புள்ளிகளை மெல்ல வட்டமிட்டு, மயிர்க்கோடுகளை அந்த ஓரத்தோடு நிறுத்திவிடுகிறேன். மை நன்றாகக் காய்ந்த பிறகு பென்சிலை அழித்தால் தாளின் வெள்ளையே புள்ளியாக நிற்கும். அந்த நேரம் மனதுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது மையில் தொட்டு எழுதும் பேனை; அதில் மாட்டியது ஜி முள் என்ற உலோக முனை. அழுத்தினால் தடிக்கும், விட்டால் மெலியும். கொம்பின் வளைவை ஒரே இழுப்பில் போடலாம். புது முள்ளில் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசியிருப்பார்கள், அதனால் மை ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். பற்பசை தொட்டுத் தேய்த்துக் கழுவியதும் சரியாகிவிட்டது. ஆனால் என் வீடு உப்புவெளியில், கடல் கூப்பிடு தூரம். மாரியில் ஒரு இரவு கழுவிய முள்ளைத் துடைக்காமல் தகரப் பேணிக்குள் போட்டேன். விடிய எடுத்துப் பார்த்தால் செம்மஞ்சள் துரு. அதிலிருந்து கழுவியவுடன் பருத்தித் துணியால் துடைத்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக மூடும் டப்பாவில் வைக்கிறேன். பிறகு எதுவும் துருப்பிடிக்கவில்லை.

கெடுத்தது ஒரு சாதாரண ஊற்றுப் பேனையை. தொட்டு எழுதும் மை நல்ல கறுப்பாக இருக்கிறதே என்று அதற்குள் ஊற்றினேன். அந்த இந்தியன் மையில் அரக்குச் சேர்ந்திருக்கிறது. காய்ந்தால் முள்ளுக்கு அடியில் மை இறங்கும் மெல்லிய வாய்க்கால்களை அடைத்துவிடும். ஒரு கிழமை ஊறவைத்தும் திறக்கவில்லை. ஊற்றுப் பேனைக்கென்றே செய்த கரி மை வேறு இருக்கிறது. இப்போது பிளாட்டினம் பிரெப்பி பேனையில் அதே நிறுவனத்தின் கார்பன் மையை விட்டுப் பாவிக்கிறேன். அதையும் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை, பாமசியில் வாங்கிய சிரிஞ்சால் தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன்.

நாலாவதுதான் என் செல்லம். படவரைஞராக இருந்து ஓய்வு பெற்ற மாமா தன் ரொட்றிங் ஐசோகிராஃப் 0.3 என்ற படவரைபேனையை எடுத்துத் தந்தார். பல வருடமாகத் திறக்காதது, உள்ளே மை கல்லாகிக் கிடந்தது. முனை ஓர் உலோகக் குழாய். அதற்குள் மயிர்போல ஒரு கம்பி, கம்பியின் பின்னால் சிறிய எடை. பேனையை ஆட்டும்போது எடை ஓடி, கம்பி குழாய்க்குள் போய்வந்து அடைப்பை எடுக்கும். நான் கம்பியை இழுத்துப் பார்க்கலாமா என்றேன். "அதைத் தொடாதை பிள்ளை, வளைஞ்சா முடிஞ்சுது. ஊறவிடு" என்றார் மாமா. இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரம் விட்டுப் போட்டேன். காலையில் தண்ணீர் கறுப்பு. மாற்றினேன், பின்னேரமும் கறுப்பு. மூன்றாம் நாள் மெல்ல ஆட்டியபோது "டிக்" என்று ஒரு சத்தம். ஓடிப்போய் மாமாவின் காதருகே ஆட்டிக் காட்டினேன். தாளுக்குச் செங்குத்தாகப் பிடித்தால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பில் கோடு வருகிறது. கோட்டைச் சுவரின் கற்களை இதால்தான் வரைகிறேன்.

ஆடியில் கச்சான் காற்று பிடித்ததும் இன்னொரு பாடு. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையில் இருந்து வரைந்தபோது, நிமிர்ந்து மானைப் பார்த்துவிட்டுக் குனிவதற்குள் ஜி முள்ளில் மை காய்ந்துவிட்டது. ஆகவே வெளியே போகும்போது பிரெப்பியும் மைக்ரோனும் மட்டும். பார்க்கும் நேரமெல்லாம் மூடி பேனையிலேயே இருக்கும். வியர்வை பட்டுத் தாள் நனையாமல் கைக்குக் கீழே ஒரு துண்டுக் கடதாசி. தொட்டு எழுதும் பேனை வீட்டில், யன்னலைச் சாத்தியபின்.

28ஆம் பக்கத்துக்கு, கொம்பில் இன்னும் தோல் மூடியிருக்கும் ஒரு ஆண் மானைப் பார்த்து வைத்திருக்கிறேன். அந்தப் பஞ்சு போன்ற ஓரத்துக்குத் தேய்ந்த 01தான் சரியென்று படுகிறது. மாரி வருமுன் சிலிக்கா பைகளையும் புதிதாக மாற்ற வேண்டும்.